மேடைக்கு அருகில் வரவும்

ஏப்ரல் 9, செவ்வாய்

இந்த நோட்டில் நான் எழுத வேண்டியவை மூன்று. பாப்பா என்ன சொன்னாள், எங்கே சொன்னாள், அதற்குச் சற்று முன்னால் என்ன நடந்தது. தூத்துக்குடியில் பேச்சுப் பயிற்சி கொடுக்கும் பெனிட்டா மேடத்தின் உத்தரவு. மேடத்துக்கு இருபத்தைந்து வயது இருந்தால் அதிகம். பதினாறு வருடமாகப் பிள்ளைகளை வெயிலில் நிறுத்தி வேலை வாங்குகிற பி.டி. வாத்தியாரான என்னை, முழங்கால் தாடையில் இடிக்கிற குட்டி நாற்காலியில் உட்கார வைத்து வீட்டுப்பாடம் கொடுத்துவிட்டார்.

"அம்மா எழுதட்டும் மேடம். அவதான் நாள் பூரா கூட இருக்கா" என்றேன்.

"அதனாலதான் சார் நீங்க எழுதணும்" என்றார்.

முத்துச்செல்வி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். சிரிக்கும்போது என் மனைவி அப்படித்தான் செய்வாள்.

விவரம்: பாப்பாவின் பெயர் இலக்கியா. வயது ஆறரை. மூன்றரை வயதில் ஆட்டிசம் என்றார்கள். பேச்சு வராது என்று சொல்ல முடியாது, வரும். ஆனால் கேட்டதுதான் திரும்பி வரும். கேள்வி கேட்டால் அதே கேள்வி வரும். சில நேரம் போன வருடம் கேட்டது இந்த வருடம் வரும். அப்பா என்று இதுவரை கூப்பிட்டதில்லை. முத்துச்செல்விக்கு அதில் வருத்தம். எனக்கொன்றும் இல்லை.

ஜூனில் ஒன்றாம் வகுப்பு. நான் வேலை பார்க்கிற பள்ளிக்கூடத்திலேயே கேட்டிருக்கிறேன். தாளாளர் தெய்வநாயகம், "மே 29 கூட்டிட்டு வாரும். பேரு கேட்டா பேரைச் சொல்லணும், அவ்வளவுதான். அதுகூடச் சொல்லலன்னா வேற எடம் பாரும்வே" என்று சொல்லிவிட்டார். சட்டப்படி மறுக்க முடியாது என்கிறார் பெனிட்டா மேடம். சம்பளம் வாங்குகிற இடத்தில் சட்டம் பேசிப் பார்த்தால் அவருக்குத் தெரியும். வேறு இடம் என்றால் தூத்துக்குடிதான். தாயும் மகளும் அங்கே ஒரு அறை எடுத்துத் தங்க வேண்டும், நான் இங்கே. ஐம்பது நாள் இருக்கிறது.

ஏப்ரல் 10, புதன்

காலை 7.10. குளியலறை வாசல். சொன்னது: "மழையின் காரணமாக ஆட்டம் சிறிது நேரம் ஒத்திவைக்கப்படுகிறது." முன்னால் நடந்தது: ஒன்றுமில்லை. வானத்தில் ஒரு பொட்டு மேகம்கூட இல்லை.

8.00. அடுப்படி. நான்: தோசை வேணுமா? அவள்: தோசை வேணுமா.

8.01. மேற்படி.

11.30. அடுப்படி. சொன்னது: "விழாக் கமிட்டித் தலைவர், கல்வி வள்ளல், உயர்திரு தெய்வநாயகம் அவர்கள் உடனடியாக மேடைக்கு அருகில் வரவும்." முன்னால் நடந்தது: ஒன்றுமில்லை. மிக்சர் டப்பாவைப் பார்த்துக்கொண்டு நின்றாள். டப்பா மூடியிருந்தது.

இதற்கு ஒரு விளக்கம் எழுதிவிட வேண்டும், இல்லாவிட்டால் படிக்கிறவர்கள் குழம்புவார்கள். இந்த வசனமெல்லாம் என்னுடையவை. சித்திரைக் கொடைக்கு, அதாவது கோயில் திருவிழாவுக்கு, எங்கள் ஊரில் மூன்று நாள் கபடிப் போட்டி நடக்கும். எட்டு வருடமாக மைக் என் கையில். விழாக் கமிட்டித் தலைவரும் பள்ளித் தாளாளரும் ஒரே தெய்வநாயகம்தான். எங்கள் வீட்டு முன் மின்கம்பத்தில் ஒரு குழாய் ஸ்பீக்கர் கட்டுவார்கள். மற்ற நாட்களில் போட்டி வீடியோக்களைப் போனில் போட்டுப் பார்ப்பேன். என் குரலைக் கேட்பதற்காக அல்ல, தவறு இருந்தால் திருத்திக்கொள்வதற்காக. இதுவரை தவறு எதுவும் அகப்படவில்லை.

ஏப்ரல் 14, ஞாயிறு

வருடப் பிறப்பு. மாமனார் வீட்டிலிருந்து எல்லோரும் வந்திருந்தார்கள். "பாப்பா இப்ப பேசுதாளா?" என்று ஆளுக்கொரு தடவை கேட்டார்கள். நான் மொட்டை மாடியில் தண்ணீர்த் தொட்டி கழுவினேன். போன வாரமும் கழுவியதுதான்.

ஏப்ரல் 18, வியாழன்

மேடம் சொல்வதை மட்டும் நம்பி உட்கார முடியாது. ஒழுங்கு என்று ஒன்று இருக்கிறது. கபடியில் தப்புக்கு முதலில் பச்சை அட்டை, எச்சரிக்கை. அடுத்தது மஞ்சள் அட்டை, இரண்டு நிமிடம் வெளியே உட்கார வேண்டும். பதினாறு வருடத்தில் எப்பேர்ப்பட்ட சண்டியனும் இந்த அட்டைக்கு அடங்கியிருக்கிறான். கேட்டதையே திருப்பிச் சொன்னால் பச்சை என்று வீட்டில் இன்று அமல்படுத்தினேன்.

காலை 9 மணிக்கு பாப்பாவுக்கு முதல் பச்சை காட்டினேன். அதை வாங்கிக்கொண்டு போய் முத்துச்செல்விக்குக் காட்டினாள். பிறகு மஞ்சளையும் என் பாக்கெட்டிலிருந்து உருவிக் காட்டினாள். முத்துச்செல்வி மறுபேச்சில்லாமல் வெளியே போய்ப் படியில் உட்கார்ந்துவிட்டாள்.

"சும்மா உக்காந்து எத்தனை வருசமாச்சு" என்று இரண்டு நிமிடத்தைப் பதினைந்து நிமிடம் ஆக்கினாள். பருப்பு அடிப்பிடித்தது. அட்டைகள் பீரோ மேலே போய்விட்டன.

ஏப்ரல் 21, ஞாயிறு

பயிற்சி தொடங்கி மூன்று நாள் ஆகிறது. காலை அரை மணி, மாலை அரை மணி. நான் கேள்வி கேட்டு நானே பதிலும் சொல்லிக் கொடுப்பது. "பேர் என்ன? என் பெயர் இலக்கியா. சொல்லு." சரியாகச் சொன்னால் "வெரி குட்", ஒரு பிடி மிக்சர்.

மூன்றாம் நாளே, "பேர் என்ன என் பெயர் இலக்கியா சொல்லு வெரி குட்" என்று மூச்சு விடாமல் முழுசாகச் சொல்லிவிட்டு மிக்சருக்குக் கை நீட்டினாள். ஒருவகையில் வேலை மிச்சம்.

ஏப்ரல் 27, சனி

தூத்துக்குடி. பெனிட்டா மேடம் நோட்டைப் படித்தார். மஞ்சள் அட்டைப் பகுதியில் தண்ணீர் குடிக்க எழுந்து போய்விட்டு வந்தார்.

"சார், மழையால ஆட்டம் ஒத்திவைப்பு. ஏழு தடவை எழுதியிருக்கீங்க. ஏழும் குளிக்கப் போகும்போது."

"ஆமா. ஆனா மழை இல்ல மேடம்."

"தலைல தண்ணி விழுதுல்ல சார்? அப்ப ஆட்டம் நடக்காது. குளிக்க மாட்டேன்னு சொல்றா."

நான் நோட்டை வாங்கிப் பார்த்தேன். ஏழும் என் கையெழுத்துதான். இதைவிட மரியாதையாக யாரும் குளிக்க மறுத்திருக்க முடியாது. நான்தான் ஏழு தடவையும் தூக்கிக்கொண்டு போய்த் தண்ணீர் ஊற்றியிருக்கிறேன்.

கமிட்டித் தலைவருக்கும் அர்த்தம் உண்டாம். டப்பா மூடி, ஷூ பக்கிள், கட்டிலுக்கடியில் போன பந்து, எல்லாவற்றுக்கும் முன்னால் அதைத்தான் சொல்லியிருக்கிறாள். மைக்கில் நான் அப்படிக் கூப்பிட்டால் ஓர் ஆள் ஓடி வருவதை வீடியோவில் பார்த்திருக்கிறாள். "யாராவது வந்து உதவி பண்ணுங்கன்னு அர்த்தம் சார்."

ஆக, போன கொடையிலிருந்து என் வீட்டில் எது தேவைப்பட்டாலும் தெய்வநாயகத்தைக் கூப்பிட்டிருக்கிறாள். என்னைக் கூப்பிடாவிட்டால் எனக்கொன்றும் இல்லை. ஆனால் கூப்பிட வேறு ஆளா கிடைக்கவில்லை?

சில பிள்ளைகள் சொல் சொல்லாகப் பேச்சு கற்பதில்லை என்றார் மேடம். முழுத் துணியாக எடுத்து வைத்துக்கொள்வார்கள், பிறகு வெட்டுவார்கள், ஒட்டுத் தைப்பார்கள், கடைசியில்தான் தனித்தனி நூல் பிரியும். "நிறுத்தச் சொல்லாதீங்க, பதில் சொல்லுங்க. அவ பேசுற மாதிரியே நீங்களும் பேசுங்க. அது சரி, ஏன் சார் எல்லாமே மைக் வசனமா இருக்கு? வீட்ல நீங்க என்ன பேசுவீங்க?"

பஸ்ஸில் வரும்போது எண்ணிப் பார்த்தேன். ம். சரி. அப்புறம். சோறு வை.

மே 2, வியாழன்

மாலை 5.30. அடுப்படி. சொன்னது: "இரு அணித் தலைவர்களும் கைகுலுக்கிக்கொள்ளவும்." முன்னால் நடந்தது: நானும் முத்துச்செல்வியும் பேசிக்கொண்டிருந்தோம். குரல் சற்று உயர்ந்திருக்கலாம்.

விஷயம் இதுதான். அடுத்த வாரம் கொடை. பாப்பாவைப் போட்டிக்குக் கூட்டிப் போக வேண்டும் என்கிறாள் முத்துச்செல்வி. கூட்டம், வேட்டுச் சத்தம், பிள்ளைக்கு ஆகாது என்றேன்.

"பிள்ளைக்கு ஆகாதா, உங்களுக்கு ஆகாதா? எட்டு வருசமா மைக்ல ஊர்ல உள்ளவுக எல்லாரையும் பேர் சொல்லிக் கூப்பிடுதீக. உங்க புள்ள பேரை ஒரு தடவை சொன்னதுண்டா? ஸ்கூல்ல கேட்டா கூச்ச சுபாவம்னு சொல்லி வச்சிருக்கீக. சுந்தரி டீச்சர் எங்கிட்ட கேட்டாக, நாந்தான் முழிச்சேன்."

அதற்குள் மேற்படி அறிவிப்பு வந்துவிட்டது. இரண்டு பேரும் அவளைப் பார்த்தோம். இரண்டாம் முறையும் அறிவித்தாள். முத்துச்செல்வி மாவுக் கையை நீட்டினாள். குலுக்கினேன். பாப்பா அந்தாலே பந்தை எடுக்கப் போய்விட்டாள். பதினொரு வருடக் கல்யாணத்தில் நாங்கள் கைகுலுக்கியது இதுதான் முதல் தடவை.

மே 8, புதன்

தூத்துக்குடி போய் வந்தோம். பஸ்ஸில் ஏறியதும் பாப்பா தொடங்கினாள்: "மைக் டெஸ்டிங் ஒன் டூ த்ரீ, மைக் டெஸ்டிங் ஒன் டூ த்ரீ." வாய்க்குள்ளேயே, நிறுத்தாமல். முன் சீட்டுக்காரர் மூன்று முறை திரும்பிப் பார்த்தார். திரும்பும்போது, காற்று வாங்கலாம் என்று இரண்டு நிறுத்தம் முன்னாலேயே இறங்கிக்கொண்டோம். மே மாதம், மதியம் ஒன்றரை மணி.

ரோடு முழுக்கச் சொல்லிக்கொண்டே வந்தாள். வீட்டு வாசற்படியை மிதித்ததும் பட்டென்று நின்றது. பெருமூச்சு ஒன்று விட்டாள், அவ்வளவுதான்.

மே 11, சனி

கொடை இரண்டாம் நாள். மாலை ஆட்டம். பாப்பா வீட்டில்.

எழுத வேண்டிய ஒன்று நடந்தது. வெளியூர் அணிக்காக ஒரு பையன் ஏறிப் போனான். கபடியில் எதிரணிக் கட்டத்துக்குள் ஏறுகிறவன் "கபடி கபடி" என்று விடாமல் பாடிக்கொண்டே போக வேண்டும். உள்ளே ஏழு பேர் அவனைப் பிடிக்கக் காத்திருப்பார்கள். பாட்டு இருக்கிற வரைதான் அவன் உயிர். பாட்டு விட்டால் அவுட். பாடிக்கொண்டே திரும்பி வந்து நடுக்கோட்டைத் தொட்டால்தான் மூச்சு வாங்கலாம். அந்தப் பையனும் தொட்டான், நின்றான், பெருமூச்சு விட்டான்.

எனக்கு வாசற்படி ஞாபகம் வந்துவிட்டது.

பஸ், கிளினிக், ரோடு எல்லாம் அவளுக்கு எதிரணிக் கட்டம். பாட்டு விடாமல் போய்விட்டு, பாட்டு விடாமல் திரும்பி வந்து கோட்டைத் தொட்டிருக்கிறாள். உச்சி வெயிலில் இரண்டு நிறுத்தம் அதிகமாகப் பாட வைத்தவன் நான். இருபத்தைந்து வருடமாகக் கபடியோடு கிடக்கிறேன், என் வீட்டில் ஒருத்தி தினமும் ஏறிப் போய்விட்டு வருவது கண்ணில் படவில்லை. வெட்கமாக இருந்தது.

மைக்கில் பத்து விநாடி நான் பேசவில்லை. மைக்செட்காரர் ஓடி வந்து ஒயரை ஆட்டிப் பார்த்தார்.

மே 12, ஞாயிறு

பரிசளிப்பு. ஒரே ஒரு தடவை "கல்வி வள்ளல்" விட்டுப்போய்விட்டது. தெய்வநாயகம் மேடையிலேயே என் காதருகே வந்து, "என்னவே, அவசரமோ?" என்றார். வீட்டுக்கு வந்து அவரைப் பற்றி முத்துச்செல்வியிடம் இரண்டு வார்த்தை சொன்னேன். பாப்பா பக்கத்தில் விளையாடிக்கொண்டிருந்தாள்.

மே 17, வெள்ளி

மேடம் சொன்னபடி அவள் பேச்சிலேயே பேசிப் பார்க்கிறேன். ஜன்னல்களைச் சாத்திவிட்டுத்தான். அக்கம்பக்கம் இருக்கிறது.

காலை உணவுக்கு முன் கரண்டியை மைக்காகப் பிடித்துக்கொண்டு, "அடுத்ததாகக் களம் இறங்குபவர், நம் வீட்டு நட்சத்திர வீராங்கனை, இலக்கியா!" என்றேன். அவள் சுவரிலிருந்து சுவர் வரை ஓடினாள். திரும்பி வந்து என் எதிரே நின்றாள். இன்னொரு முறை சொன்னேன், இன்னொரு ஓட்டம். பதினெட்டு முறை. இட்லி ஆறிப்போனது.

குளிக்கும் நேரத்தில் "ஆட்டம் ஒத்திவைக்கப்படுகிறது" என்றாள். "பத்து நிமிட இடைவேளைக்குப் பின் ஆட்டம் மீண்டும் தொடங்கும்" என்றேன். யோசித்தாள். பத்து நிமிடம் கழித்துத் தானாகவே வந்து வாளி பக்கத்தில் நின்றாள்.

மே 20, திங்கள்

ஒன்பது நாள்தான் இருக்கிறது. களமிறங்கும் விளையாட்டு நல்லதுதான், ஆனால் தெய்வநாயகம் ஆபீசில் கரண்டியோடு நிற்க முடியாது. கேள்வி பதில் பயிற்சியை இரட்டிப்பாக்கினேன். பாப்பா கையைப் பார்த்தாள், மின்விசிறியைப் பார்த்தாள், என்னைப் பார்க்கவில்லை. என் குரல் கொஞ்சம் உயர்ந்தது. நான் என்னென்ன சொன்னேன் என்று இங்கே எழுத வேண்டிய அவசியமில்லை. பாப்பா சொன்னதைத்தான் எழுதச் சொல்லியிருக்கிறார்கள். அவள் ஒன்றும் சொல்லவில்லை. கவனமாகக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

மே 23, வியாழன்

காலை 8.05. அடுப்படி. சொன்னது: "தோசை ஒத்திவைக்கப்படுகிறது."

முன்னால் நடந்தது: முத்துச்செல்வி மூன்றாவது தோசை போட்டாள்.

நான் எழுந்து நின்றுவிட்டேன். இதை நான் எந்த மைக்கிலும் சொன்னதில்லை. யாருமே எங்கேயும் சொன்னதில்லை. தோசை எங்கள் வீட்டுச் சொல், ஒத்திவைப்பு மைக்குச் சொல், வெட்டியதும் ஒட்டியதும் அவள். பெனிட்டா மேடத்துக்குப் போன் போட்டேன். தூக்கக் கலக்கத்தில், "என்ன சார் ஆச்சு?" என்று பதறினார்.

"தோசை ஒத்திவைக்கப்படுகிறது மேடம்."

அவர் போட்ட சத்தத்தில் போனைக் காதிலிருந்து எடுக்க வேண்டியதாயிற்று.

ஒத்திவைக்கப்பட்ட தோசையை நானே சாப்பிட்டேன். நல்ல ருசி.

மே 28, செவ்வாய்

நாளை. பயிற்சி 40 முறை. 31 முறை சரியாகச் சொன்னாள். முத்துச்செல்வி தூத்துக்குடியில் அவளுடைய அத்தை மகனிடம் ஒரு அறை விசாரித்து வைத்திருக்கிறாள், எனக்குத் தெரியாது என்று நினைத்து. அவள் பெட்டியை இறக்கித் துடைத்து வைத்திருப்பதைப் பார்த்தேன்.

மே 29, புதன்

உள்ளபடி எழுதுகிறேன்.

காலை பத்து மணி. தாளாளர் அறை. வெளியே வராண்டாவில் அட்மிஷனுக்கு வந்த பெற்றோர் பதினைந்து பேர், சுந்தரி டீச்சர், என் கபடி டீம் பையன்கள் நான்கு பேர் பெஞ்சு தூக்கிக்கொண்டு. ஜன்னல் மூன்றும் திறந்திருந்தன.

வாசலைத் தாண்டும்போதே பாப்பா தொடங்கிவிட்டாள்: "மைக் டெஸ்டிங் ஒன் டூ த்ரீ." தெய்வநாயகம் மூக்குக் கண்ணாடிக்கு மேலே பார்த்தார்.

"உன் பேரு என்னம்மா?"

"உன் பேரு என்னம்மா" என்றாள் பாப்பா.

"அது சரி. பேர் என்ன?"

இந்த இரண்டு சொல்லும் பயிற்சியின் சொல். பாப்பா நிமிர்ந்தாள். எனக்கு நம்பிக்கை வந்தது. அவள் வாயிலிருந்து வந்தது என் குரல், என் இழுப்பு, என் இருமல்கூட.

"பேர் என்ன? என் பெயர் இலக்கியா. சத்தமா. இன்னும் சத்தமாச் சொல்லு. எத்தனை நாளாச் சொல்லிக் குடுக்கேன், மண்டையில ஏறுதா? அந்த முசுடு தெய்வநாயகம் முன்னால போயி இப்படி முழிச்சிட்டு நின்னேன்னா என் மானம் போயிரும். கல்வி வள்ளலாம், சொந்தக் காசுல ஒரு சாக்பீஸ் வாங்கியிருப்பானா. வெரி குட். மிக்சர் சாப்பிடு."

வராண்டாவில் பெஞ்சு ஒன்று கீழே விழுந்தது.

முத்துச்செல்விதான் முதலில் பேசினாள். "கேட்டதுக்குப் பேரைச் சொல்லிட்டா ஐயா. மிச்சமெல்லாம் இவுக சொன்னது."

தெய்வநாயகம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். வெகு நேரம் துடைத்தார். "முசுடு" என்றார் தனக்குத்தானே. பிறகு, "பேரைச் சொன்னா, கேட்டுச்சு. ஆனா ஒப்பிக்கிறாப்புலல்லா இருக்கு? அர்த்தம் தெரிஞ்சு சொல்லுதாளா என்ன? பதில் தெரியாத புள்ளைய வச்சிக்கிட்டு டீச்சர் என்ன செய்வா?" என்று ஃபைலை மூடினார்.

பாப்பா மறுபடியும் "மைக் டெஸ்டிங்" தொடங்கிவிட்டாள். இந்த முறை வேகம் கூடிவிட்டது. தோள் ஏறி ஏறி இறங்கியது. மூச்சு முடியப்போகிற ஏறுபாட்டுக்காரன் எப்படி இருப்பான் என்று எனக்குத் தெரியும். கோடு வெகு தூரத்தில் இருந்தது. அந்த அறையில் அவள் பாட்டின் அர்த்தம் தெரிந்த ஆள் நான் ஒருவன்தான். நாற்பது நாள் என்ன சொல்லிக் கொடுத்தேனோ அது எதுவும் அப்போது எனக்கு வேண்டியதாக இல்லை.

எழுந்து நின்றேன். மேஜையிலிருந்த தாளாளரின் ஸ்டாம்ப் பேடு மூடியை எடுத்து வாய்க்கு நேராகப் பிடித்தேன். ஜன்னலைப் பார்க்கவில்லை.

"அடுத்ததாகக் களம் இறங்குபவர், நம் வீட்டு நட்சத்திர வீராங்கனை..." என்றேன். கொடைக்குப் பேசுகிற அதே குரலில். பள்ளிக்கூடம் முழுவதும் கேட்டிருக்கும். கேட்கட்டும்.

பாப்பாவின் பாட்டு நின்றது. என் முகத்தைப் பார்த்தாள். வழக்கமாக இந்த இடத்தில் பேரைச் சொல்வது நான். நான் சொல்லவில்லை.

"இலக்கியா" என்றாள். மெதுவாக, அவளுடைய சொந்தக் குரலில். அந்தக் குரல் எவ்வளவு சின்னது என்று எனக்கு இவ்வளவு நாள் தெரியாது. சொல்லிவிட்டு அறையின் ஒரு சுவரிலிருந்து மறு சுவருக்கு ஓடித் திரும்பி வந்தாள்.

தெய்வநாயகம் ஃபைலை ஓரமாகத் தள்ளி வைத்தார். பிறகு முன்னால் குனிந்து தன் நெஞ்சைத் தொட்டுக் காட்டி, "அப்ப நான் யாரு?" என்றார்.

நான் முருகா என்று மனதுக்குள் சொன்னேன்.

"விழாக் கமிட்டித் தலைவர், கல்வி வள்ளல், உயர்திரு தெய்வநாயகம் அவர்கள்" என்றாள் பாப்பா. ஒரு பட்டம்கூட விட்டுப்போகவில்லை.

மனிதர் நாற்காலியில் சாய்ந்தார். மீசை அசைந்தது. "வேய், பி.டி. அதுவும் நீரு சொன்னது, இதுவும் நீரு சொன்னது. ரெண்டுல எது உண்மை?"

"மைக்ல சொன்னதுதான் ஐயா."

"பொய் சொல்லாதயும்வே. உம்ம புள்ளைக்கு அது வராது போலிருக்கு, உமக்கு நல்லா வருது." கிளார்க்கைக் கூப்பிட்டார். "ஒண்ணாம் கிளாசுல பேரை எழுதிக்கோ." பிறகு என்னிடம், "இனிமே வீட்ல கொஞ்சம் பாத்துப் பேசும். புள்ள தினமும் இங்க வரப்போறா" என்றார்.

வெளியே வந்ததும் சுந்தரி டீச்சர், "உங்க பொண்ணா சார்?" என்று கேட்டார்.

"ஆமா. இலக்கியா. ஆட்டிசம் இருக்கு. கேட்டதைத் திருப்பிச் சொல்லுவா, அவ பக்கத்துல பாத்துப் பேசுங்க" என்றேன். மூன்று வருடமாக வராத வாக்கியம். ஒரே மூச்சில் வந்துவிட்டது.

முத்துச்செல்வி வீட்டுக்கு வந்ததும் பெட்டியைப் பரண்மேல் ஏற்றச் சொன்னாள். ஏற்றினேன்.

ஜூன் 3, திங்கள்

சீருடை தைத்து வந்தது. "சட்டை ஒத்திவைக்கப்படுகிறது" என்றாள். கழுத்துப் பட்டையில் தையல்காரரின் லேபிள் குத்தியிருக்கிறது. பிரித்தெடுத்ததும் போட்டுக்கொண்டாள். பழைய நாளாக இருந்தால் அடம் என்று எழுதியிருப்பேன்.

ஜூன் 10, திங்கள்

முதல் நாள். பள்ளி வாசலிலிருந்து வகுப்பு வரை "மைக் டெஸ்டிங்". நானும் கூடவே சொல்லிக்கொண்டு போனேன். இரண்டு பேர் சேர்ந்து சொன்னால் மூச்சு அவ்வளவாக வாங்குவதில்லை. சுந்தரி டீச்சர்தான் அவளுக்கு வகுப்பாசிரியை. அவர் கையில் விட்டுவிட்டு மைதானத்துக்குப் போனேன். எட்டாம் வகுப்புக்கு டிரில். ஒன்று இரண்டு எண்ணுகிறேன், கண் மட்டும் ஒன்றாம் வகுப்பு வராண்டாவில். பையன்கள் என்னைப் பார்த்துக் கண்ணை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டே கையைத் தூக்கினார்கள்.

காலை 10.40. ஒன்றாம் வகுப்பு வராண்டா. தண்ணீர் பாட்டிலைக் கையில் பிடித்துக்கொண்டு பாப்பா வந்து தூண் ஓரத்தில் நின்றாள். மைதானத்தைப் பார்த்தாள். அறிவிப்பு வந்தது. குழாய் ஸ்பீக்கர் தேவைப்படவில்லை.

சொன்னது: "அப்பா அவர்கள் உடனடியாக மேடைக்கு அருகில் வரவும்."

தெய்வநாயகம் பழக்க தோஷத்தில் ஆபீசிலிருந்து வேட்டியைச் சரிசெய்துகொண்டே வெளியே வந்துவிட்டார். இரண்டாம் முறை அறிவித்தபோது அவருக்கும் விளங்கிவிட்டது. என்னைப் பார்த்துக் கையை நீட்டி, "போம்வே, உம்மைத்தான்" என்றார்.

முன்னால் நடந்தது: பாட்டில் மூடி இறுகியிருந்தது.

மேடம் சொன்ன மூன்றும் எழுதிவிட்டேன். நாலாவதாக ஒன்று நானே சேர்க்கிறேன். பின்னால் நடந்தது: விசிலை வாயிலேயே வைத்துக்கொண்டு ஓடினேன். மூச்சு விட்ட போதெல்லாம் அது ஊதியது. எட்டாம் வகுப்பு முழுவதும் அதற்கேற்ப உட்கார்ந்து உட்கார்ந்து எழுந்ததாம். மூடியைத் திறந்து கொடுத்தேன். குடித்துவிட்டு, பாட்டிலை என் கையில் திணித்துவிட்டு, திரும்பிப் பார்க்காமல் வகுப்புக்குள் போய்விட்டாள்.

எனக்கொன்றும் இல்லை என்று இந்த நோட்டில் இரண்டு இடத்தில் எழுதியிருக்கிறேன். இரண்டையும் அடித்துவிட்டேன்.